வேலூரில் நெடுஞ்சாலையோரம் கார் ஷோரூம்: திட்ட அனுமதி எங்கே சிக்கும்?

சத்துவாச்சாரி பக்கம் ஷோரூமும் சர்வீஸ் நிலையமும் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் (நில அளவை வரைபடம்) மட்டும் போதாது. நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தச் சர்வே எண் வேளாண்மை என்றிருந்தால், நகர் ஊரமைப்புத் துறையில் முதலில் நில உபயோக மாற்றம் வாங்குங்கள்.

பெரும் சிக்கல் கட்டட வரைபடத்தில்தான். விற்பனைக் கார், சர்வீஸுக்கு வந்த கார், வாடிக்கையாளர் வண்டி மூன்றுக்கும் தனித்தனி இடம் காட்டுங்கள். கார் ஏற்றிவரும் நீள லாரி வளாகத்துக்குள்ளேயே திரும்ப வேண்டும். இல்லையேல் சர்வீஸ் சாலையில் நின்று போக்குவரத்தை அடைத்துவிடும். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து நுழைவழிக்கு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் அனுமதி தனி.

வண்டி கழுவும் நீரை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியே விடுங்கள். நேராகக் கால்வாயில் விட்டால் பாலாறுதான் கெடும்.