மணிக்கட்டு, விரல் மூட்டுக் காயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். பைக் சறுக்கி விழுந்தபோது கையை ஊன்றிவிட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வெறும் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி விடவே இல்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். இந்த வாரமே திரும்பக் காட்டுங்கள். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரல் பக்கம் வலித்தால், இல்லை என்று உறுதியாகும்வரை அதை ஸ்கேஃபாய்ட் முறிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக உள்ள 8 சிறு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான்.

கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். மணிக்கட்டு ஓரத்தில், புடைத்து நிற்கும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழும். அங்கே விரல் நுனியால் அழுத்துங்கள். அடுத்த கையிலும் அதே இடத்தை அதே அளவு அழுத்துங்கள். நல்ல கையிலும் அங்கே கொஞ்சம் வலிக்கும் என்பதால் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரல் மேட்டின் அடியில், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி இருக்கும் எலும்பு முண்டை அழுத்துங்கள். கடைசியாகக் கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளுங்கள். இவற்றில் ஒன்று கூர்மையாக வலித்தாலும் படம் எடுக்காமல் விடக்கூடாது.

விலகாத மெல்லிய விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாளில் முறிவின் ஓரங்கள் கொஞ்சம் கரைந்து கோடு தெளியும். அதனால் மறு எக்ஸ்ரே கேளுங்கள், அதிலும் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் ஸ்கேஃபாய்ட் வியூ கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்க முடிந்தால் சந்தேகம் அன்றே தீரும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்த எலும்புக்கு ரத்தம் வரும் வழி. பெரும்பகுதி ரத்தம் விரல் பக்க முனையில் நுழைந்து, முன்கையை நோக்கிப் பின்னால் ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறையும். சிலருக்கு எலும்பு சேராது, சிலருக்கு அந்தத் துண்டு செத்துவிடும், சில வருடங்களில் மணிக்கட்டே தேயும். விலகாத நடுப்பகுதி முறிவுக்கு 8 முதல் 12 வாரம் மாவுக்கட்டு போதும். விலகியிருந்தாலோ, முன்கைப் பக்க முனையில் முறிந்திருந்தாலோ பெரும்பாலும் ஸ்க்ரூ போட வேண்டிவரும். கட்டுப்போட நாலு வாரத்துக்கு மேல் தாமதித்தால் சேராமல் போகும் வாய்ப்பு கூடும். மறு படம் எடுத்துப் பார்க்கும்வரை மணிக்கட்டு அசையாமல் ஸ்பிளின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பந்து நடுவிரல் நுனியில் நேராகப் பட்டது. நகம் இருக்கும் கடைசிக் கணு மட்டும் தொங்குகிறது. மறு கையால் தூக்கினால் நிமிர்கிறது, விட்டால் விழுந்துவிடுகிறது. வலி அதிகம் இல்லை. தானாகச் சரியாகுமா?

பதில்: தானாகச் சரியாகாது. ஆனால் அறுவை இல்லாமலே சரிசெய்யலாம், முழுக்க உங்கள் பொறுமையைப் பொறுத்தது. விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு சில்லோடு பெயர்ந்திருக்கிறது. எது என்று தெரிய எக்ஸ்ரே அவசியம். சில்லு மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, நுனி எலும்பு உள்ளங்கைப் பக்கம் விலகியிருந்தாலோ கை அறுவை நிபுணர் பார்க்கட்டும்.

மற்றபடி ஸ்பிளின்ட்தான். கடைசி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்க வேண்டும், நடு மூட்டு தாராளமாக மடங்க வேண்டும். 6 முதல் 8 வாரம், இரவு பகல், குளிக்கும்போதும். பலருக்குச் சொதப்புவது கழற்றிச் சுத்தம் செய்யும் நேரத்தில்தான். மேசைமேல் விரலைத் தட்டையாக வையுங்கள். நுனி மேசையை விட்டு எழாமல் ஸ்பிளின்ட்டை முன்னால் உருவுங்கள். தோலைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, அதே நிலையில் மறுபடி மாட்டுங்கள். ஒருமுறை நுனி மடங்கினாலும் சேர ஆரம்பித்த தசைநாண் இழுபட்டுவிடும், நாள் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதிகமாகப் பின்னால் வளைத்துக் கட்டவும் வேண்டாம். மூட்டின் மேல்தோல் வெளிறினால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். காலம் முடிந்ததும் இன்னும் 2 முதல் 4 வாரம் இரவில் மட்டும் போடுங்கள். கடைசியில் லேசான தொங்கல் மிஞ்சலாம், வேலைக்கு இடைஞ்சல் இருக்காது.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. விளையாட்டில் எதிராளியின் சட்டையைப் பிடித்தேன், அவர் உருவிக்கொண்டு ஓடினார். மோதிர விரல் நுனியை நிமிர்த்த முடிகிறது, மடக்க முடியவில்லை. நாலு நாள் ஆச்சு.

பதில்: இது அவசரம். விரலின் நடுக்கணுவை மறு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். கொஞ்சமும் மடங்கவில்லை என்றால் மடக்கும் ஆழத் தசைநாண் எலும்பை விட்டுப் பிய்ந்திருக்கிறது. அது உள்ளங்கை வரைக்கும் சுருங்கிப் போய்விடலாம், ரத்த ஓட்டமும் போய்விடும். 7 முதல் 10 நாளுக்குள் தைத்தால் நல்ல பலன். தள்ளிப்போட்டால் நேரடியாகத் தைக்கவே முடியாமல் போகலாம். நாளைக்கே கை அறுவை நிபுணரைப் பாருங்கள். ஸ்பிளின்ட், ஐஸ், பயிற்சி எதுவும் இதற்கு மாற்று இல்லை.

கேள்வி: ஆட்டத்தில் விரலின் நடு மூட்டு பின்பக்கமாக விலகியது. கோச் அங்கேயே இழுத்துவிட்டார். இரண்டு மாதம் ஆகியும் வீக்கம் வற்றவில்லை, மோதிரம் நுழையவில்லை.

பதில்: நடு மூட்டு வீக்கம் வற்ற 6 மாதம், ஏன் ஒரு வருடம்கூட ஆகும். மூட்டு நிரந்தரமாகக் கொஞ்சம் தடித்தே நின்றுவிடுவதும் உண்டு, அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது வீக்கத்தை அல்ல, அசைவை. இந்த மூட்டில் உள்ளங்கைப் பக்கம் இருக்கும் தடித்த ஜவ்வு கிழிந்திருக்கும். அது நிலையாக இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டு, சில நாளிலேயே மடக்கி நீட்ட ஆரம்பிப்பதுதான் வைத்தியம். பயந்து மூன்று நாலு வாரம் அசையாமல் கட்டி வைப்பவர்களுக்கே விரல் விறைத்துப்போகிறது.

ஒன்றை மட்டும் சோதியுங்கள். நடு மூட்டை மேசை விளிம்பில் 90 டிகிரி மடக்கி வைத்து, நடுக்கணுவை மறு கையால் அமுக்கிக்கொண்டு நிமிர்த்தப் பாருங்கள். நுனி தளர்வாக இருந்தால் நல்லது. நிமிர்த்தும் வலு இல்லாமல் நுனி மட்டும் விறைத்து நின்றால், நடுத் தசைநாண் கிழிந்திருக்கிறது. அதை விட்டால் நடு மூட்டு மடங்கியும் நுனி பின்னால் வளைந்தும் விரல் கோணும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் நடு மூட்டை மட்டும் 6 வாரம் நேராகக் கட்டி, நுனியை மடக்கிக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு மாதம் கழிந்த நிலையில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனாலும் உடனே காட்டுங்கள். இன்னொன்று, எக்ஸ்ரே எடுத்தீர்களா? களத்தில் இழுத்துப் பொருத்திய மூட்டுக்குப் பிறகாவது படம் எடுக்க வேண்டும்.

கேள்வி: விழும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் இழுபட்டது. சாவி திருகக்கூட வலு இல்லை.

பதில்: கட்டைவிரல் அடி மூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்து ஜவ்வு கிழிந்திருக்கலாம். பாதி கிழிந்திருந்தால் கட்டைவிரலைச் சேர்த்த ஸ்பிளின்ட் 4 முதல் 6 வாரம். முழுதாகக் கிழிந்தால் சிலருக்கு அறுந்த முனைக்கும் அது ஒட்ட வேண்டிய எலும்புக்கும் நடுவே ஒரு தசைப்பட்டை புகுந்துகொள்ளும். அப்புறம் எத்தனை மாதம் கட்டினாலும் சேராது, அறுவைதான். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் நிபுணர் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: சுவரில் குத்தியதில் சுண்டுவிரல் மொளி உள்ளே போய்விட்டது. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: அனேகமாக வேண்டாம். சுண்டுவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பின் அடி மூட்டு நன்றாக அசையும் என்பதால், மொளிக்குச் சற்றுக் கீழே அந்த எலும்பின் கழுத்துப் பகுதியில் ஓரளவு வளைவைக் கை பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது முறுக்கம். விரல்களை மெதுவாக மடக்குங்கள். எல்லா நுனிகளும் கட்டைவிரல் அடிப்பக்கத்தை நோக்க வேண்டும். சுண்டுவிரல் மோதிர விரலுக்கு அடியில் புகுந்தால் சரிசெய்தே ஆக வேண்டும்.

குத்தியது சுவர் இல்லாமல் ஒருவருடைய வாயாக இருந்து, மொளியில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பல் மூட்டுக்குள் போயிருக்கும், கையை விரித்ததும் துளை மூடிக்கொள்ளும். உள்ளே கழுவி ஆன்டிபயாடிக் கொடுக்காவிட்டால் மூட்டு சீழ் பிடித்து அழிந்துவிடும். தையல் போட்டு மூடவே கூடாத காயம் இது.

கேள்வி: குழந்தை பிறந்து நாலு மாதம். தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் உயிர் போகிறது மேடம்.

பதில்: கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் போகும் குறுகிய உறை தடித்திருக்கிறது. 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வேன் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம். கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதை நிறுத்துங்கள். உள்ளங்கை மேல்நோக்க, முன்கையை அடியில் கொடுத்து அள்ளுங்கள். கட்டைவிரலையும் பிடிக்கும் ஸ்பிளின்ட் 4 முதல் 6 வாரம். குறையாவிட்டால் உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலோருக்குப் போதும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சாய்க்கும் சோதனையைத் தினமும் செய்து பார்க்காதீர்கள், அதுவே புண்ணாக்கும்.

கேள்வி: விரல் சொடுக்கு எடுத்தால் மூட்டு தேயுமா?

பதில்: தேயாது. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழிவு உண்டாகும் சத்தம் அது. வலியோடு சொடுக்கினால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. மணிக்கட்டுக்கு மேலே ரேடியஸ் எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு. நேற்று பிரித்தார்கள். கையை மூடவே முடியவில்லை.

பதில்: கட்டு மணிக்கட்டுக்குத்தான், விரல்களுக்கு அல்ல. முதல் நாளிலிருந்தே விரல்களை முழுக்க மடக்கி நீட்டியிருக்க வேண்டும். பலருக்கும் யாரும் சொல்வதில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை 10 நிமிடம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் மொளிகளை நேராக வைத்து விரல்களைக் கொக்கிபோல் மடக்கட்டும், பிறகு முழு முஷ்டி, பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடட்டும். ஒவ்வொன்றும் பத்து முறை. அதன்பின் மணிக்கட்டை மேலும் கீழும், உள்ளங்கையைத் திருப்பியும் புரட்டியும். கனம் தூக்குவது டாக்டர் அனுமதித்த பிறகு. தோளையும் அசைக்கச் சொல்லுங்கள், கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டே வைத்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும்.

கை எரிச்சலாக வலித்து, தோல் பளபளத்து, நிறம் மாறி வியர்த்தால் உடனே காட்டுங்கள். அது வேறு வகை வலி நோய், சீக்கிரம் தொடங்கினால்தான் அடங்கும். திடீரென்று கட்டைவிரல் நுனியைத் தூக்க முடியாமல் போனால், முறிந்த எலும்புமேல் ஓடும் தசைநாண் அறுந்திருக்கும். விலகாத முறிவிலும் சில வாரம் கழித்து இது நடக்கும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருந்தால் டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைப் பாருங்கள். அடுத்து முறிய வாய்ப்புள்ளது முதுகெலும்பும் இடுப்பும்.