பிபிசி (PBC) ஈரல் நோயுள்ள அம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் 300ஐத் தாண்டிவிட்டது, ஸ்டாடின் கொடுக்கலாமா?

அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாடின் குளிசை ஈரலை இன்னும் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. என் அம்மாவுக்கும் இதே நோய், பிரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ் என்ற பித்தக் குழாய் நோய். வெள்ளவத்தை வீட்டில் எட்டு வருடமாக இதோடுதான் காலம் போகிறது. (பிபிசி என்றதும் மாமா கேட்டது, "லண்டன் ரேடியோவோ?")

நோய் பிடிபடுவதற்கு முன்பே அம்மாவின் மொத்தக் கொலஸ்ட்ரோல் 342. அப்போது காட்டிய இடத்தில் எண்ணெய், முட்டை, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஐந்து மாதம் இடியப்பத்துக்கு மஞ்சள் தண்ணீர்தான் சொதி. அம்மா ஆறு கிலோ மெலிந்தார், கொலஸ்ட்ரோல் அசையவே இல்லை. இரவில் உள்ளங்கையும் பாதமும் கடிக்கிறது (அரிக்கிறது) என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கிறீம் வாங்கிக் கொடுத்ததோடு சரி.

பிறகு இரத்தத்தில் அல்கலைன் பொஸ்படேஸ் என்ற நொதி கூடியிருப்பதைக் கண்டு, ஏ.எம்.ஏ என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனையும் செய்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலுக்குள் இருக்கும் சிறு பித்தக் குழாய்களை அழிக்கிறது. கொலஸ்ட்ரோல் உடம்பை விட்டுப் போகும் பெரிய வழி பித்தம்தான். அது அடைபட்டால் சரக்கு இரத்தத்துக்கே திரும்புகிறது. சாப்பாட்டைக் குறைத்து இதை இறக்க முடியாது. திரும்புவதில் ஒரு பங்கு லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற வேறு வகைத் துகள். வழக்கமான லிப்பிட் ரிப்போர்ட் அதையும் எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) கணக்கிலேயே எழுதிவிடும். ஆனால் எல்.டி.எல்லில் இருக்கும் அபோ பி புரதம் அதில் கிடையாது. அதனால் அபோ பி தனியாகப் பார்த்தால் இதயத்தைப் பயமுறுத்தும் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். அம்மாவுக்கு அது சாதாரண அளவு, நல்ல கொலஸ்ட்ரோல் என்னும் எச்.டி.எல் 88. நோயின் ஆரம்பத்தில் எச்.டி.எல்லும் இப்படிக் கூடுவதுண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை எதுவும் இல்லாததால் ஸ்டாடின் வேண்டாம் என்று விட்டார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் உர்சோ குளிசை தொடங்கிய பிறகு கொலஸ்ட்ரோலும் கொஞ்சம் இறங்கியது.

உங்கள் அம்மாவின் கதை வேறு. சர்க்கரை இருந்தால் இதய நோய் ஆபத்து தனிக்கணக்கு. பிபிசி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்டாடினை ஒதுக்கத் தேவையில்லை, ஈரல் இன்னும் தாக்குப்பிடிக்கும் நிலையில் பொதுவாகக் கொடுக்கிறார்கள். செங்கண்மாரி, வயிற்றில் நீர் என்று நோய் முற்றியிருந்தால் ஈரல் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அந்தக் கட்டத்தில் கொலஸ்ட்ரோல் தானாகவே இறங்கும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் கூடாது. ஈரலுக்குக் கொலஸ்ட்ரோலைச் செய்யத் தெம்பு போய்விட்டது என்றும் இருக்கலாம்.

இந்த நோயில் வரும் கடிக்குக் கொலஸ்டிரமின் தூள் தந்திருந்தால் உர்சோவோடு சேர்த்துக் குடிக்கக் கொடுக்காதீர்கள், நாலு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். எங்களுக்கு அதைப் பாமசியில் நின்ற பிள்ளைதான் சொன்னது.