நுண்கலைய கெம்பஸ்ல படிச்சா சரிவருமா?

கேள்வி இதுதான்: ஏ.எல்.ல நாடகமும் அரங்கியலும் செஞ்ச தங்கச்சி நுண்கலை டிகிரிக்கு விண்ணப்பம் போடப்போறன் எண்டு நிக்கிறா, வீட்டில விடுறாங்க இல்ல, கலைய கெம்பஸ்ல படிப்பிக்க ஏலுமா, படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன ஆதரவு இரிக்கு எண்டு களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்.

தம்பி, போடச் சொல்லுங்க. இதுதான் பதில். ஆனா கண்ணை மூடிக்கொண்டு போகாம என்னத்துக்குள்ள போறா எண்டு தெரிஞ்சு போகட்டும். நானும் நாடகம் படிச்சு வந்த ஆள்தான், இப்ப படுவான்கரையில ஒரு ஸ்கூல்ல அதே பாடத்தப் படிப்பிக்கிறன், இடைக்கிட கெம்பஸ் பிள்ளைகளுக்கு பிரக்டிகல் செய்யவும் கூப்பிடுவாங்க. ரெண்டு பக்கமும் நிண்டு பாத்ததால கொஞ்சம் கூடவே கதைப்பன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் மட்டக்களப்புக் கல்லடியில இரிக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்தான், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வாற இடம், சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக் கலை எல்லாம் இரிக்கு. யாழ்ப்பாணத்துக்குப் போனா மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலை இரிக்கு. காரைதீவு, தம்பிலுவில் எண்டு அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளும் கல்லடிக்குத்தான் கூட வாற. விபுலாநந்தரும் காரைதீவு ஆள்தானே, 1892ல பிறந்தவர், படிச்சது விஞ்ஞானம், அந்தக் கணக்கு மூளைய வச்சுத்தான் பழைய யாழ் எண்ட நரம்பு வாத்தியம் எப்பிடி இருந்திருக்கும், அதில சுரம் எப்பிடி விழும் எண்டு தேடி யாழ்நூல எழுதினார், அது வெளிவந்தது 1947ல, அந்த வருசமே மோசம் போயிட்டார். கலைக்கு மூளை தேவையில்ல, படிப்பு ஓடாத பிள்ளைகள்தான் அங்க போற எண்டு வீட்டில ஆராச்சும் சொன்னா இந்தக் கதையச் சொல்லுங்க.

சரி, படிப்பிக்க ஏலுமா? இந்தக் கேள்விக்கு எங்கட ஊர்க்கூத்தே பதில் சொல்லும். 1960களில பேராதனையில பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்த கெம்பஸ் பிள்ளைகளுக்கு ஆடக் குடுத்தவர், இஞ்ச இருந்து அண்ணாவியார், அதான் கூத்துப் பழக்கிற ஆசான், போய்ப் பழக்கினவர், விடிய விடிய ஆடுற கூத்த சுருக்கி, முன்பக்கம் மட்டும் துறந்த படச்சட்ட மேடைக்கு ஏத்தினாங்க. அதில ஆடின பொடியன்கள்ல ஒருத்தர்தான் மௌனகுரு சேர், அவர் பிறகு இஞ்ச வந்து ஒரு தலைமுறையவே உருவாக்கினார். மறுகா 2000க்குப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்து ஜெயசங்கர் சேர் ஆக்கள் மட்டக்களப்புச் சீலாமுனை ஊரில அதத் திருப்பிக் களரிக்கே, அதான் சனம் சுத்தி இருந்து பாக்கிற வட்ட மேடைக்கே, கொண்டுபோய், ஊராக்களோட குந்தியிருந்து, பொம்பிளைகளப் பத்தி, சாதியப் பத்திக் கூத்துப் பாட்டுக் கொப்பியில என்ன எழுதியிருக்கு எண்டு கேள்வி கேட்டு மீளுருவாக்கம் செஞ்சாங்க. மேடைக்கு ஏத்தினது சரியா, களரிக்கு இறக்கினது சரியா எண்டு எங்கட ஆக்கள் இண்டைக்கும் அடிபடுவாங்க. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா கெம்பஸ் எண்டு ஒண்டு இல்லாட்டி இந்தச் சண்டையே வந்திராது.

இன்னொண்டையும் கெம்பஸ்தான் செஞ்சது. ஊருக்க கூத்தில பொம்பிளை வேஷத்தையும் ஆம்பிளைதான் கட்டுவான், பொம்பிளைப் பிள்ளைகள் களரிக்கு வெளியில பாயப் போட்டு இருந்து பாக்கிறதோட சரி. கெம்பஸுக்க வந்தாப் பிறகு அவங்களும் சலங்கை கட்டினாங்க. எங்கட பெச்சில ஒரு பிள்ளை வடமோடிக் கூத்தில வீமன் ஆடினா. அவட அம்மப்பா ஒரு காலத்தில நல்ல ஆட்டக்காரராம், முன்வரிசையில வந்து குந்தியிருந்தார், முகத்தில ஒரு அசுமாத்தமும் இல்ல. எல்லாம் முடிஞ்சு கிட்ட வந்தவர் பொம்பிளை ஏன் ஆடின எண்டு கேக்கல்ல, “மனே, கிறுகிற இடத்தில அடி பிந்துது, மத்தளத்தக் கேளு, சனத்தப் பாக்காத” எண்டுபோட்டு வெத்திலைய வாயில வச்சுக்கொண்டு போயிட்டார்.

இனிப் பிரச்சினைக்கு வாறன். முதலாவது நேரம். ஊருக்க ஒரு கூத்துப் பழகிறது எண்டா சட்டம் குடுத்து, அதான் ஆளாளுக்கு வேஷத்தையும் பாட்டையும் பிரிச்சுக் குடுத்து, ராவில ராவில கூடிப் பழகி, கிழமைக் கூத்து ஆடி, சலங்கை கட்டி, அடுக்குப் பாத்து, அதான் முழுசா ஒருக்கா ஒத்திகை ஆடி, அதுக்குப் பிறகுதான் அரங்கேத்தம். மாசக்கணக்கு. வெள்ளாமை வெட்டி முடிஞ்ச கையோட தொடங்கினா கோயில் சடங்கு வாற காலம் மட்டும் இழுக்கும். கெம்பஸ்ல ஒரு செமஸ்டர் 15 கிழமை, அதில ஸ்ட்ரைக் ஒண்டு வந்தா அதுவும் இல்ல, கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம், பிள்ளை கால் சூடேறி ஆடத் தொடங்கக்குள்ள அடுத்த லெக்சருக்கு பெல் அடிக்கும். இவ்வளவுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம், அதான் டிகிரிக்கு என்ன வேணும் எண்டு சொல்லுற அரசாங்க விதி, அதின்படி ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியாலப் படிப்பு, அந்தக் கணக்கில பிள்ளை தனியாப் பழகிற நேரமும் சேத்தி. தாளில நல்லாத்தான் எழுதியிருக்கு. பழகிறதுக்கு இடம் எங்க எண்டுதான் ஒருத்தரும் எழுதல்ல.

இது சின்ன விசயம் எண்டு நினைப்பீங்க, இல்ல. நான் விசிட்டிங் போன ஒரு இடத்தில, பேர் வேணாம், நல்ல ஹோல் ஒண்டு இரிக்கு, பலகை அடிச்ச தளம், சுவரில கண்ணாடி எல்லாம் பொருத்தினது, ஆனா துறப்பு ஒபிஸில, ஒபிஸ் நாலேகாலுக்குப் பூட்டும், லெக்சர் முடியிறது நாலு மணிக்கு. பிள்ளைகள் போடிங்ல போய்ப் பழகேலுமா? வாடகை வீட்டில சலங்கைச் சத்தம் கேட்டா வீட்டுக்கார அன்ரி மாடிக்கு ஏறி வருவா, மிருதங்கத்துக்கு இன்னும் கெதியா வருவா. கடசியில கொஞ்சப் பேர் கடற்கரையில போய் ஆடுவாங்க, அதுவும் பொடியன்கள்தான், பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டினாப் பிறகு எங்க போற. கலைக்கு ஆதரவு குடுக்கப் போறம் எண்டு ஆராச்சும் என்னட்டக் கேட்டா புதுக் கட்டடம் வேணாம், இருக்கிற ஹோல ராவு எட்டு மணி மட்டும் துறந்து வையுங்க, ஒரு வாச்சருக்கு ஓவர்டைம் குடுங்க எண்டுதான் சொல்லுவன்.

ரெண்டாவது புள்ளி போடுற விசயம். இதில எனக்குச் சரியான கோவம் இரிக்கு. கூத்து தனி ஒருத்தன்ட வேலை இல்ல. அண்ணாவியார் மத்தளத்தோட நிண்டு பாட, சல்லரிக்காரர் தாளம் பிடிக்க, பிற்பாட்டுக்காரர் அந்த அடிய வாங்கித் திருப்பிப் பாடுவாங்க, அந்த இடைவெளியிலதான் ஆட்டக்காரன் மூச்சு எடுத்து அடுத்த ஆட்டத்துக்கு ரெடியாவான். பிற்பாட்டு விழுந்தா ராசாவும் விழுவான். ஆனா பரீட்சை எண்டு வந்தா மூண்டு பேர் மேசை போட்டு இருப்பாங்க, ஆளாளுக்குப் புள்ளி, வரவு, அதான் பாத்திரம் மேடைக்கு வாற ஆட்டம், ஆடினவன்ட முகம்தான் தெரியும், பின்னால நிண்டு தொண்டை கிழியப் பாடின பிள்ளைக்கு என்ன போடுற எண்டு தாளில இடமே இல்ல. பிள்ளைகளும் லேசுப்பட்ட ஆக்கள் இல்ல, முதல் நாளே கணக்குப் பாத்திருவாங்க. கர்ணனுக்கு ஏழு பேர் அடிபடுவாங்க, சல்லரிக்கு ஆள் தேடோணும். நான் போற இடத்தில என்ட பங்குப் புள்ளிய இப்ப வேற மாதிரிப் போடுறன். பழக்கத்துக்கு வந்தியா, அடுத்தவன்ட வேஷத்திர பாட்டு உனக்குத் தெரியுமா, ஒருத்தன் வராட்டி அந்த இடத்தில ஏறி நிப்பியா எண்டு பாக்கிறன். கொஞ்சப் பேருக்கு என்னில கடுப்பு, பரவாயில்ல.

மூணாவதுதான் பெரிசு, அண்ணாவியார்மார். இவங்கதான் அந்தக் கலையிர சொந்தக்காரர், ஆனா டிகிரி இல்லாததால நிரந்தர லெக்சரராப் போட ஒண்ணா, ஆகக்கூடினா வளவாளர் எண்டு கூப்பிட்டு மணித்தியாலக் காசு குடுக்கிற. எழுவது தாண்டின ஒரு அண்ணாவியார இப்பிடி ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனன். பிள்ளைகளுக்கு முன்னால நிண்டா ராசா மாதிரி, ஒரு தாளக்கட்ட வாயாலச் சொல்லி, அதையே மத்தளத்தில அடிச்சு, மறுகா கால்ல போட்டுக் காட்டுவார், விளங்காத பிள்ளையிர தோளில கைய வச்சு அந்தத் தாளத்தத் தட்டுவார், அது உடனே பிடிபட்டிரும். வகுப்பு முடிஞ்சு ஒபிஸுக்குப் போனா ஒரு போர்ம். ஆகக்கூடிய கல்வித் தகைமை எண்டு ஒரு கோடு. “என்ன எழுதுற மனே, நான் அஞ்சாம் வகுப்பு” எண்டார். நான் அண்ணாவியார் எண்டு எழுதிக் குடுத்தன். கிளாக் தம்பி பாத்துப்போட்டு “சேர், இது தொழில், தகைமையில வராது, சேட்டிபிகேட் கொப்பி ஒண்டு வையுங்க” எண்டான். அவனில பிழை இல்ல, அவன்ட சேர்குலர் அப்பிடி. காசு கடசியா வந்து சேரக்குள்ள அடுத்த செமஸ்டரே தொடங்கிட்டு, வந்த காசு அவர் வவுணதீவுக்கால ஓட்டோ பிடிச்சு வந்து போன கூலிக்கே காணா. அடுத்த முறை கூப்பிட்டன், வயலுக்க வேலை இரிக்கு எண்டுட்டார்.

இந்தாக்களுக்கு வருசத்தில ஒருக்காப் பொன்னாடை போத்தி, அரசாங்கம் குடுக்கிற கலாபூஷண விருதுக்கு விண்ணப்பம் நிரப்பிக் குடுத்து, போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுறத ஆதரவு எண்டு நம்மட ஆக்கள் நினைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சு அந்த மனுசன்ட வீட்டில பொன்னாடை ஒரு பெட்டி நிறைய இரிக்கு, மத்தளத்துக்குத் தோல் மாத்தக் காசில்ல. நிறுவனங்கள் செய்யோணும் எண்டு நினைச்சா லேசு, ஒரு வருசக் கொன்ட்ராக்ட், மாசச் சம்பளம், தகைமை எண்டுற இடத்தில எத்தினை கூத்து அரங்கேத்தினவர் எண்டு எழுத விடுறது. பிள்ளைகள ஒரு செமஸ்டர் அவர்ர ஊருக்கே அனுப்பினா இன்னும் நல்லம்.

என்ஜிஓ காசு வேற ஒரு கூத்து. சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிஞ்ச பிறகும் விழிப்புணர்வு நாடகம் எண்டு நிறைய வந்திச்சு, டெங்கு, குடி, வீட்டு வன்முறை, எல்லாத்துக்கும் இருவது நிமிச நாடகம், கடசியில ஒருத்தர் முன்னுக்கு வந்து புத்தி சொல்லுவார். பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசு வந்தது உண்மை, மேடைப் பயம் போனதும் உண்மை, ஆனா அதையே செஞ்சு செஞ்சு நாடகம் எண்டா புத்தி சொல்லுறதுதான் எண்டு ஒரு பெச்சே பழகிட்டு.

பறையப் பத்தியும் ஒரு சொல்லு. பரதத்துக்கும் சங்கீதத்துக்கும் வீட்டில காசு செலவழிப்பாங்க, பறை எண்டா வகுப்பில அடிக்கிற பிள்ளையே வீட்டில சொல்லாது. அதுக்குள்ள சாதி இரிக்கு. அந்த மேளத்த மேடைக்கு எடுக்கிறாங்க, நல்லம், பரம்பரையா அடிச்ச குடும்பத்துப் பிள்ளை அதே கெம்பஸுக்க மாணவனா வந்திரிக்கா எண்டும் பாக்கோணும்.

இனி உங்கட வீட்டாக்கள் கேக்கிற கேள்வி, வேலை. ஒழிச்சுச் சொல்ல ஒண்டுமில்ல. கூடுதலானாக்கள் கடசியில டீச்சிங்க்குத்தான் போற, ஸ்கூல்ல அழகியல் பாடம் இருக்கிற வரைக்கும் அந்தக் கதவு இரிக்கு, ஆனா அப்பொயின்மென்ட் எப்ப வரும் எண்டு ஒருத்தரும் சொல்லேலா. எங்கட ஆக்கள்ல கொஞ்சப் பேர் அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு பிரதேச செயலகத்தில பைல் தூக்கினாங்க, அதில ஒருத்தி அருமையான வயலின்காரி. கொஞ்சப் பேர் கலாசார உத்தியோகத்தர், கொஞ்சப் பேர் ரேடியோ, வீடியோ எடிட்டிங், டிசைன், வீட்டில டான்ஸ் கிளாஸ். ஆர்ட்ஸ் ஃபெகல்டில மற்றப் பாடங்கள் படிச்சவங்களுக்கும் இதே நிலைமைதான் எண்டதையும் வீட்டில சொல்லுங்க. மகாபொல எண்ட அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைச்சா உதவி, 2025 பட்ஜெட்டில மாசம் 5,000 ரூபாயில இருந்து 7,500 ஆக்கினாங்க, ஆனா 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெயின்ட், கென்வஸ், வயலின் நரம்பு எல்லாம் விக்கிற விலைக்கு அது மூக்குப்பொடி. நாடகத்துக்கு அந்தச் செலவு குறைவு, அது ஒரு நிம்மதி.

தங்கச்சிக்கு ஒரு விசயம். ஏ.எல். இஸட் ஸ்கோர் மட்டும் பாத்து எடுக்கிறதில்ல, செயல்முறைப் பரீட்சை ஒண்டு வைப்பாங்க, அதுக்கு அழைப்பு வாற அறிவித்தலத் தவற விடவேணாம், தவற விட்டு அழுத பிள்ளைகள் இரிக்கு. அதுக்கெண்டு டியூஷன்ல புதுசா ஒரு மோனோ அக்டிங் பாடமாக்கிக்கொண்டு போக வேணாம், வாற பிள்ளைகள்ல பாதி அதே தாயில்லாப் பிள்ளை அழுகையத்தான் அழும். ஊர்ல பாத்து வளர்ந்தது ஏதாச்சும் இருக்கும்தானே, வசந்தன் பாட்டு, கூத்தில ஒரு வரவு, அம்மம்மா பாடின தாலாட்டு, அதில ஒண்டச் சுத்தமாச் செஞ்சு, ஏன் எதுக்கு எண்டு கேட்டா ரெண்டு வசனம் சொல்லத் தெரிஞ்சாக் காணும். களுவாஞ்சிக்குடியில இருந்து பஸ் எடுத்தா கல்லடி தூரமில்ல, நிகழ்ச்சி ஏதும் நடக்கிற நாளில அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க, நீங்க வாயாலச் சொல்லுறத விட அது வேலை செய்யும். வேற ஏதும் கேக்க இருந்தாக் கீழ கேளுங்க, லீவு நாள்ல பதில் போடுறன்.