நான் வாங்காத லோன் என் சிபில் ரிப்போர்ட்ல காட்டுது, யாரோ என் பான் கார்டை வச்சு எடுத்திருக்காங்க. இதுல இருந்து எப்படி வெளிய வர்றது, இனிமே எப்படி பாதுகாப்பா இருக்கிறது?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ரெக்கவரி ஏஜெண்ட் தொல்லை தாங்க முடியாம "சரி ஒரு இஎம்ஐ கட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்"னு மட்டும் பண்ணிடாதீங்க. ஒரு ரூபா கட்டினாலும் அந்த கடன் உங்களோடதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி அவங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கும் அப்படி ஒரு ராத்திரி தோணுச்சு, கட்டித் தொலைச்சிடலாம் நிம்மதியாவது கிடைக்கும்னு, என் மனைவிதான் கையைப் பிடிச்சு நிறுத்தினா.

எனக்கு நடந்தது என்னன்னா, ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணப்போ பேங்க் மேனேஜர் கூப்பிட்டு "சார் உங்களுக்கு ஒரு பர்சனல் லோன் ஏழு மாசமா பாக்கி இருக்கே"ன்னார். லோன் கொடுத்த அந்த ஆப் பேரையே நான் கேள்விப்பட்டதில்ல. 48,000 ரூபா. 780க்கு மேல இருந்த ஸ்கோர் 600க்கு கீழ இறங்கி இருந்துச்சு. என் ஆதார் பான் எங்கிருந்து போச்சுன்னு யோசிச்சே ஒரு வாரம் ஓட்டிட்டேன், சிம் வாங்கினப்ப கொடுத்த ஜெராக்ஸா, வாடகை வீட்டுக்கு வாட்ஸப்ல அனுப்பினதா, இன்னிக்கு வரைக்கும் தெரியல. நீங்க அதுல நேரத்தை விடாதீங்க, அது தெரிஞ்சாலும் தெரியாட்டியும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான்.

முதல் வேலை, ரிப்போர்ட்டை முழுசா எடுங்க. சிபில் மட்டும் இல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு நம்ம கடன் விவரத்தை சேத்து வச்சு ஸ்கோர் போடற கம்பெனி இந்தியாவுல மொத்தம் நாலு இருக்கு. நாலு பேருமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஸ்கோரோட ஃப்ரீயா கொடுக்கணும்னு ஆர்பிஐ ரூல் இருக்கு, 2017ல இருந்தே. பணம் கட்டி பிளான் வாங்குங்கன்னு அங்க பெருசா காட்டுவாங்க, தேவையில்ல, ஃப்ரீ ரிப்போர்ட்டே போதும். எடுத்ததும் எல்லாரும் ஸ்கோரை பாத்துட்டு மூடிடறாங்க, அதை விட முக்கியமான ரெண்டு பகுதி அதுல இருக்கு. ஒண்ணு காண்டாக்ட் விவரம், அதாவது உங்க பேர்ல பதிவாகியிருக்கிற ஃபோன் நம்பர், இமெயில், அட்ரஸ். எனக்கு அதுல நான் பாத்தே இராத ஒரு மொபைல் நம்பரும் ஒரு அட்ரஸும் இருந்துச்சு. அதுதான் திருடனோட தடம், ஓடிபி போனது அந்த நம்பருக்குத்தான். இன்னொண்ணு என்கொயரி பகுதி, உங்க ரிப்போர்ட்டை எந்தெந்த கம்பெனி எப்ப எடுத்துப் பாத்தாங்கன்னு தேதியோட இருக்கும். அதே வாரத்துல இன்னும் மூணு கம்பெனியில என் பேர்ல லோன் கேட்டிருக்கான், கிடைக்கல போல. அந்த மூணு பேருக்கும் மெயில் போட்டு "நான் அப்ளை பண்ணல, என் பேர்ல வர்றதை நிறுத்துங்க"ன்னு சொல்லி வச்சேன். இந்த ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் போட்டு வச்சுக்கங்க, பின்னாடி எல்லா இடத்துலயும் இதைத்தான் காட்டப் போறீங்க.

அடுத்தது லோன் கொடுத்த கம்பெனி. ஆப்புக்கு பின்னாடி ஒரு பேங்கோ என்பிஎஃப்சியோ (பேங்க் இல்லாம கடன் கொடுக்கிற ஃபைனான்ஸ் கம்பெனி) இருக்கும், ரிப்போர்ட்ல வர்றது அவங்க பேர்தான், அவங்களோட குறைதீர்க்கும் அதிகாரிக்கு, கிரீவன்ஸ் ஆபிசர்னு வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, அவருக்கு மெயில் போடுங்க. கஸ்டமர் கேர்ல பேசறது வேஸ்ட், நான் பதினோரு தடவை பேசினேன், ஒவ்வொரு தடவையும் புதுசா கதை சொல்ல வேண்டியிருந்துச்சு, எழுத்துல எதுவும் மிஞ்சல. மெயில்ல நாலு விஷயம் கேளுங்க: லோன் அக்ரிமெண்ட், கேஒய்சிக்கு, அதாவது ஆள் யாருன்னு சரிபார்க்க வாங்கின டாக்குமெண்டும் செல்ஃபியும், ஓடிபி போன மொபைல் நம்பர், அப்புறம் பணம் எந்த பேங்க் அக்கவுண்டுக்கு போச்சுங்கிறது.

இந்த கடைசி கேள்விதான் உயிர். இதை கேட்காம "நான் வாங்கல நான் வாங்கல"ன்னு எத்தனை மெயில் போட்டாலும் "எங்க ரெக்கார்டுபடி நீங்கதான்"னு ஒரே வரி பதில்தான் வரும். ஆன்லைன் லோன் பணம் கடன் வாங்கினவரோட சொந்த பேங்க் அக்கவுண்டுக்குத்தான் போகணும்னு, சில விதிவிலக்கு தவிர, ஆர்பிஐ 2022 செப்டம்பர்லயே டிஜிட்டல் லெண்டிங் விதிமுறை போட்டிருக்கு. அப்ப பணம் போன அக்கவுண்ட் உங்களோடது இல்லைன்னா, யாருக்கு கொடுத்தோம்னு சரியா பாக்காம விட்டது அவங்க தப்பு. எனக்கு அவங்க கொடுத்த பதில்ல அக்கவுண்டோட கடைசி நாலு நம்பர் இருந்துச்சு, அது என் எந்த அக்கவுண்டும் இல்ல, என் பேங்க்ல அந்த மாச ஸ்டேட்மெண்ட் வாங்கி 48,000 வரலைன்னு காட்டினேன். செல்ஃபியில இருந்தது வேற ஆள். அதுக்கப்புறம்தான் அவங்க பேச்சோட தொனியே மாறுச்சு. ஒருவேளை உங்க பேர்லயே திருட்டுத்தனமா ஒரு அக்கவுண்ட் திறந்து அதுல பணம் வாங்கியிருந்தா, அந்த பேங்குக்கும் தனியா கம்ப்ளைண்ட் கொடுத்து அக்கவுண்டை முடக்க சொல்லணும், அது இன்னும் ஆபத்து, அந்த அக்கவுண்ட் வழியா வேற மோசடி பணமும் போயிருக்கலாம்.

அதே நாள்லயே நேஷனல் சைபர் க்ரைம் போர்ட்டல்ல கம்ப்ளைண்ட் போடுங்க. 1930ங்கிற சைபர் க்ரைம் ஹெல்ப்லைனுக்கு ஃபோன் பண்றது முக்கியமா உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் போனா, அப்ப ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, பணம் அடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்குள்ள பிடிச்சு வைக்க வாய்ப்பு இருக்கு. இந்த மாதிரி லோன் கேஸுக்கு போர்ட்டல்ல போட்டு அந்த அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பரோட ஸ்டேஷனுக்கும் போங்க. "இது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பிரச்சனை, அங்க பேசிக்கங்க"ன்னு சொல்லி அனுப்பப் பாப்பாங்க. ஐடி ஆக்ட், அதாவது தகவல் தொழில்நுட்ப சட்டத்துல 66சி பிரிவு அடுத்தவங்க அடையாளத்தை திருடறதுக்குன்னே இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 66டி ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தறதுக்கு. மனுவுலயே இந்த பிரிவுகளை எழுதிக்கொண்டு போங்க, கம்ப்ளைண்ட் வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காம வெளிய வராதீங்க. வாங்கவே மாட்டேன்னா எஸ்பிக்கோ கமிஷனருக்கோ ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. திருடன் பிடிபடுவானான்னு கேட்டா, என் கேஸ்ல பிடிபடல. ஆனா அந்த ரசீது இருந்ததாலதான் மத்த எல்லா கதவும் திறந்துச்சு.

இப்ப கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிகள்ல டிஸ்ப்யூட், அதாவது "இந்த விவரம் தப்பு, மாத்துங்க"ன்னு ஆட்சேபம் போடணும். காசு கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். லோன் மட்டும் இல்ல, அந்த தெரியாத ஃபோன் நம்பர், அட்ரஸ், என்கொயரி எல்லாத்துக்கும் தனித்தனியா போடுங்க. இதை நான் முதல் தடவை விட்டுட்டேன், லோனை எடுத்துட்டாங்க ஆனா அந்த நம்பர் அப்படியே இருந்துச்சு. அது ஏன் பெரிய விஷயம்னா, யாராவது உங்க ரிப்போர்ட்டை எடுத்தா உங்களுக்கு மெசேஜ் வரணும்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு, திருடனோட நம்பர் அங்க இருந்தா அந்த மெசேஜ் அவனுக்கு போகலாம். சிபில் தானா எதையும் மாத்த மாட்டாங்க, லோன் கொடுத்த கம்பெனி சரின்னு சொன்னாதான் மாத்துவாங்க, அதனாலதான் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடிக்கணும். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்கு கொடுக்கணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு. மெயில்ல இந்த விதியை ஒரு வரி எழுதுங்க, ஃபைல் நகருது. 30 நாள் தாண்டியும் பதில் இல்ல, இல்ல மறுத்துட்டாங்கன்னா ஆர்பிஐயோட குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேன் கிட்ட, சிஎம்எஸ்ங்கிற ஆர்பிஐ கம்ப்ளைண்ட் போர்ட்டல்ல போடலாம், வக்கீல் வேண்டாம், ஃபீஸும் கிடையாது. எனக்கு மொத்தம் அஞ்சு மாசம் ஆச்சு, ஆம்பட்ஸ்மேன் கிட்ட போன பிறகு மூணு வாரத்துல கம்பெனி எழுதிக் கொடுத்துட்டாங்க.

ஏஜெண்டுங்க பத்தி. காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் அவங்க கால் பண்ணக் கூடாது, சொந்தக்காரங்களுக்கு கால் பண்ணி அசிங்கப்படுத்தவும் கூடாது. என் தங்கச்சிக்கே கால் பண்ணாங்க, அவ மாமியார் வீட்ல இருந்தா. அந்த நாள் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல. அவங்க பண்ற ஃபோன் காலை ரெக்கார்ட் பண்ணி தேதியும் நேரமும் எழுதி வைங்க, அதையும் கம்ப்ளைண்ட்ல சேத்துடுங்க.

லோன் ஒண்ணுதானான்னும் பாத்துடுங்க. சஞ்சார் சாத்திங்கிற அரசாங்க டெலிகாம் சைட்ல போனா உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு காட்டும், உங்களோடது இல்லாததை அங்கயே ரிப்போர்ட் பண்ணலாம். ஜிஎஸ்டி போர்ட்டல்ல பான் நம்பரை போட்டு தேடினா உங்க பேர்ல கம்பெனி ஏதாவது ரிஜிஸ்டர் ஆகியிருக்கான்னு தெரியும். இன்கம் டாக்ஸ் சைட்ல ஏஐஎஸ்-ஐ, அதாவது உங்க பான்ல பதிவான வருமானம், பண நடவடிக்கை பட்டியலை திறந்து பாருங்க, நீங்க வாங்காத வாடகையோ வட்டியோ உங்க பான்ல ஏறியிருந்தா "இது என்னோடது இல்ல"ன்னு அங்கயே பதில் கொடுக்க வசதி இருக்கு. விட்டுட்டா நாளைக்கு டாக்ஸ் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

இனிமேலுக்கு நான் மாத்திக்கிட்டது சொல்றேன். ஆதார் கேட்டா மாஸ்க்டு ஆதார் கொடுக்கிறேன், அதுல கடைசி நாலு நம்பர் மட்டும்தான் தெரியும், ஆதார் கொடுக்கிற யுஐடிஏஐ சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். ஜெராக்ஸ் கொடுத்தே ஆகணும்னா எதுக்காக, யாருக்கு, என்ன தேதின்னு படத்துக்கு மேலயே குறுக்க எழுதி கையெழுத்து போடறேன். இது திருடனை முழுசா தடுக்காது, ஆனா வேற இடத்துல யூஸ் பண்றது கஷ்டமாகும். ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) லாக் பண்ணி வச்சிருக்கேன், ஏன்னா ஆதாரை வச்சு பணம் எடுக்கிற ஏஇபிஎஸ் முறையில ஓடிபியே இல்லாம ஆதார் நம்பரும் விரல் ரேகையும் இருந்தா பணம் எடுத்திடலாம், போலி ரேகை செஞ்சு எடுத்த கேஸெல்லாம் நடந்திருக்கு. ரேஷன் கடையில கைரேகை வைக்கிற வீடா இருந்தா அப்பப்ப அன்லாக் பண்ணிக்கணும், அம்மா அப்பாவுக்கு இதை நீங்கதான் செஞ்சு கொடுக்கணும். ஃபோன்ல திடீர்னு சிக்னல் போய் ரொம்ப நேரம் வரலைன்னா நெட்வொர்க் பிரச்சனைன்னு விட்டுடாதீங்க, வேற ஃபோன்ல இருந்து சிம் கம்பெனிக்கு கூப்பிட்டு உங்க நம்பருக்கு யாராவது வேற சிம் வாங்கியிருக்காங்களான்னு கேளுங்க. நாலு ஃப்ரீ ரிப்போர்ட்டையும் ஒரே நாள்ல எடுக்காம மூணு மாசத்துக்கு ஒரு கம்பெனின்னு எடுத்தா வருஷம் பூரா கண்காணிச்ச மாதிரி ஆயிடும், இது எனக்கு ரொம்ப உதவுது.

எல்லாம் முடிஞ்சதும் "இந்த லோன் மோசடி, இவருக்கு எந்த பாக்கியும் இல்ல"ன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க, வெறும் மெயிலோட விடாதீங்க. லோன் மாறிடுச்சான்னு நாலு ரிப்போர்ட்லயும் பாருங்க, எனக்கு மூணுல போயிடுச்சு, நாலாவதுல இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு வேற ஏதோ ஒரு ஏஜென்சியில இருந்து அதே 48,000க்கு திரும்ப கால் வந்துச்சு, பழைய லிஸ்ட் அவங்க கைக்கு போயிருக்கும் போல. அந்த லெட்டரையும் சிஎஸ்ஆர் ரசீதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன், அப்புறம் அங்கிருந்து கால் வரல.