யாருடைய கோபம் யார் காதில் விழுகிறது?

கேள்வி: யானை தாக்கி ஒருவர் இறந்தால் மறுநாளே சாலை மறியல் செய்கிறோம். அதிகாரிகள் வந்து பேசியதும் கலைந்துவிடுகிறோம். இரண்டு மாதத்தில் பழைய கதைதான். கோபப்பட்டுப் பயனே இல்லையா?
– வாசகர், கூடலூர், நீலகிரி

பதில்: பயன் உண்டு. மறியல் செய்யாவிட்டால் அன்றைக்கு அதிகாரிகள் உங்கள் ஊருக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் வந்தவருக்கு அன்றைய வேலை கூட்டத்தை அமைதிப்படுத்துவது. நீங்கள் கலைந்ததும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. "ஆவன செய்கிறோம்" என்பதில் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

இன்னொரு ஆபத்து, கோபம் பக்கத்து வீட்டின் மேல் திரும்புவது. கூடலூரில் பணியர் என்னும் பழங்குடியினர், செட்டி, மலையாளிகள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று பல தரப்பினர் இருக்கிறார்கள். "நீங்க வந்த பிறகுதான் காடு போச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் கோரிக்கை அத்தோடு போயிற்று. பேச்சை யானையை விட்டு நகரவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள்.

உங்கள் ஊர் ஊராட்சி என்றால், மறியலுக்கு அடுத்த படி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். முந்தைய வாரமே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வெறுமனே "பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்தப் பாதையில் எத்தனை விளக்கு, இரவு ரோந்து எங்கிருந்து எங்குவரை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். பிரிவு 17 நிலமென்றால் (கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலம்) மின் இணைப்பில் சிக்கல் வரும். சோலார் விளக்காகக் கேளுங்கள்.

யார் முதலில் பேசுவது என்பதும் முக்கியம். இழப்பைச் சந்தித்த குடும்பம் முதலில், கோரிக்கையை வாசிப்பவர் அடுத்து, குரல் உயர்த்துபவர் கடைசியில். பணியர் குடியிருப்பிலிருந்து வருபவர்கள் பின்னாலேயே நின்றுவிடுவார்கள். நாம் அதைக் கூச்சம் என்கிறோம். செல்வாக்கு உள்ளவர் கத்தினால் உரிமைக் குரல், தாங்கள் கத்தினால் கலாட்டா என்பதைப் பார்த்துப் பார்த்து வந்த மௌனம் அது. விடியுமுன் அந்தப் பாதையில் வேலைக்கு நடப்பவர்களுக்குத்தான் யானை எங்கே நிற்கும் என்று தெரியும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேலே எதையும் எழுதிக்கொள்ளலாம். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வி: விடுதி வரவேற்பில் வேலை செய்கிறேன். மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் தரும் எரிச்சலை எல்லாம் விருந்தினர்கள் என்மேல் கொட்டுகிறார்கள். சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: அந்தச் சிரிப்பும் உழைப்புதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்றே எழுதினார். சம்பளக் கணக்கில் வராத உழைப்பு.

இ-பாஸ் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. முன்பதிவின்போதே அதன் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பல சண்டைகள் வாசலுக்கே வராது. சீசனில் வரவேற்பு மேஜையில் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைக்கச் சொல்லுங்கள். மரியாதை தவறிப் பேசுபவரை மேலாளரிடம் அனுப்ப உங்களுக்கு அதிகாரம் வேண்டும். அதை சீசன் தொடங்குமுன்பே முதலாளி எல்லா ஊழியர் முன்னாலும் சொல்லிவைக்க வேண்டும். சண்டை நடக்கும்போது கேட்டால் கிடைக்காது.