சீனத் தூரிகை முறையில் பறவைகளும் மரங்களும் வரையப் பழக எங்கிருந்து தொடங்கலாம்?

வாட்டர்கலர் கைப்பழக்கம் இருக்கிறது, சீனத் தூரிகை முறைக்கு அது உதவுமா, முதலில் எந்தப் பறவையை எடுப்பது, என்னென்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பறவை பற்றிய பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இப்போதைக்குப் பறவையே வேண்டாம், கிளையில் தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் வார இறுதி வகுப்புக்குப் போகிறேன். புதிதாகச் சேருகிற எல்லாரும் கையோடு ஒரு படம் கொண்டுவருவார்கள். பைன் மரத்தில் கொக்கு, தாமரைக் குளத்தில் மீன்கொத்தி, தோகை விரித்த மயில், இப்படி ஏதாவது. லாவ்ஷி (ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். பிறகு இலையில்லாத ஒரு சுள்ளியை மேசையில் போட்டு, இதை வரை என்பார். அடுத்த வாரமும் சுள்ளிதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் காரணமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், தூரிகையை வாங்கி வரைந்து காட்டுவதோடு சரி.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. பறவை ஓவியம் என்று நாம் சொல்லும் தாளில் பறவைக்கென்று விழும் கோடுகள் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் கிளை, இலை, வெற்றுத்தாள். கிளை துவண்டு கிடந்தால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் குருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டி ஒட்டியதாகவே தெரியும். குருவிக்கு உடல் கனம் உண்டு என்று பார்ப்பவரை நம்பவைப்பது கிளைதான். இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. கிளை தடம் மாறிப் போனால் அது வேறொரு கிளையாகிவிடும், மரம் அப்படியும் வளரும். பறவையின் கண் இம்மி தள்ளிப்போனால் தாளைக் கசக்கிப் போட வேண்டியதுதான். பழக வேண்டிய தூரிகை அசைவுகள் அத்தனையும் கிளையில் இருக்கின்றன, தண்டனை மட்டும் குறைவு.

வாட்டர்கலர் உதவுமா என்றால், பாதி உதவும். தூரிகையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான். ஆனால் பென்சிலில் போட்டுப் பார்ப்பதையும், போட்டதன்மேல் மறுபடி பூசிச் சரிசெய்வதையும் விட்டுவிட வேண்டும். வாட்டர்கலர் தாளில் பசை ஏற்றியிருப்பதால் வண்ணம் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும், ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கலாம். சுவான் தாள் அப்படியில்லை. ஆன்ஹுயி மாகாணத்தின் ஜிங் மாவட்டத்தில், சிங்தான் என்ற மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது அது. அந்தக் கைவினையை 2009இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். பதப்படுத்தாத சுவான் தாளில் மை தொட்ட கணமே நாருக்குள் இறங்கிவிடும். மாவுக்கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். இழை இழுக்கும்போது கை எங்கே தயங்குகிறதோ அங்கே மாவு குவிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தாளும் தயக்கத்தை அப்படியே பதிவு செய்துகொள்ளும்.

அடுக்கடுக்காகப் பூசுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதற்கும் சீன மரபில் இடமுண்டு. படிகாரமும் பசையும் ஏற்றிய தாளிலோ பட்டிலோ மெல்லிய கோட்டில் உருவம் எழுதி, நீர்த்த வண்ணத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றும் கோங்பி முறை. அரண்மனை ஓவியர்களின் பறவைகள் பெரும்பாலும் அப்படி வந்தவை. நான் பழகுவது மற்ற முறையை, ஷியேயி. சில வீச்சுகளில் முடிந்துவிடும் அந்த முறையைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன்.

தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே ஓடும்படி இழுத்தால் உருண்டு திரண்ட கோடு வரும். சுள்ளிக்கும் அலகுக்கும் கால்விரலுக்கும் அதுதான். சாய்த்துப் பிடித்து வயிற்றுப் பகுதியால் தேய்த்தால் அகலமான பட்டை விழும். அதையே நீர் குறைவாக, வேகமாக இழுத்தால் நடுநடுவே தாளின் வெள்ளை எட்டிப்பார்க்கும். மரப்பட்டையின் சொரசொரப்பு அப்படித்தான் வருகிறது, தனியாக வரைவதில்லை. மை ஏற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் தூரிகை முழுவதும் நீர்த்த மையில் தோய்த்து, தட்டின் விளிம்பில் ஒற்றிவிட்டு, நுனியை மட்டும் கெட்டி மையில் தொட வேண்டும். பிறகு சாய்த்து ஒரே இழுப்பு. அடிமரம் ஒரு பக்கம் இருண்டும் மறுபக்கம் வெளுத்தும் உருளையாக எழுந்து நிற்கும். முதல்முறை அது என் கையில் வந்தபோது வகுப்பில் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன். காய்ந்தபின் மை இன்னும் வெளுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மரத்துக்கு ஒரு பாடநூல் உண்டு. 1679இல் நான்ஜிங் நகரில் வாங் காய் என்ற ஓவியர் தொகுத்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ‘கடுகு விதைத் தோட்டம்’ என்னும் ஓவியக் கையேடு. மரம், பாறை, மலை என்று அது தொடங்குகிறது. பூக்களும் பறவைகளும் 1701இல் வந்த பிற்சேர்க்கையில்தான். ஹூனான் மாகாணத்தில் தச்சராக இருந்த இளைஞர் ஒருவர் இந்த நூலை இரவல் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துப் பழகினார். இறால் ஓவியங்களுக்காக உலகம் அறிந்த ச்சி பைஷி (1864–1957) அவர்தான்.

அந்த நூல் முதலில் இலையில்லாத மரத்தைத்தான் எழுதச் சொல்கிறது. மரத்துக்கு நான்கு பக்கமும் கிளை உண்டு என்கிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் உங்கள் பழைய மரங்களை எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறிமாறிப் போட்டிருப்போம், மரம் தட்டையாகக் கிடக்கும். நம்மை நோக்கி வரும் கிளை ஒன்று அடிமரத்தைக் குறுக்கே மறைக்க வேண்டும், பின்னால் போகும் கிளை ஒன்று நீர்த்த மையில் ஒளிய வேண்டும். மேல்நோக்கிக் கிளைப்பதை மான்கொம்பு என்றும், கீழ்நோக்கி வளைந்து கூர்வதை நண்டுக்கால் என்றும் சொல்வார்கள். ஒரு மரத்தில் இரண்டையும் கலக்காதீர்கள் என்பது லாவ்ஷியின் கட்டளை. நான் கலக்கிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு மோசமில்லை என்பது என் கட்சி. வில்லோ மரத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். மனிதரில் கையும் மரத்தில் வில்லோவும் வரையக் கடினம் என்று சீன ஓவியர்களிடையே ஒரு வழக்கு உண்டு, உண்மைதான்.

கிளை உங்கள் சொல்படி கேட்கத் தொடங்கியதும் பறவைக்கு வரலாம். கொக்கும் மயிலும் வேண்டாம், மைனா. இங்குள்ள மைனாவுக்கு உடம்பு பெரும்பாலும் கறுப்பு என்பதால் வண்ணத்தைப் பற்றிக் கவலையில்லை. சிங்கப்பூரில் காப்பிக் கடை மேசைமேலேயே வந்து நிற்கும், பார்த்துப் பழகப் பயணம் போக வேண்டாம். சீன மரபிலும் அதற்குப் பெரிய முன்னோடி இருக்கிறார், பாடா ஷான்ரென் (1626–1705). மிங் அரச குடும்பத்தில் பிறந்தவர். 1644இல் பெய்ஜிங் விழுந்து மிங் ஆட்சி சரிந்தபோது இளைஞர், பிறகு பௌத்தத் துறவியானார். அவர் வரைந்த பறவைகள் ஒற்றைக்காலில் தோள் குறுக்கி நிற்கும். கண்ணில் வெள்ளை அகன்று, பாவை மேலிமையோடு ஒட்டிக்கொண்டு, பார்ப்பவரையே முறைக்கும். கொண்டை வைத்த மைனாக்களும் அவற்றில் உண்டு. ஒரு புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதில் பறவையின் மனநிலையே மாறிவிடுகிறது என்பதை அவரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

அதே கையேட்டில் பறவைக்கு ஒரு பாட்டு இருக்கிறது. பறவை முட்டையிலிருந்து வந்தது, ஆகவே முட்டை வடிவத்தை எடு, தலையும் வாலும் சேர், சிறகையும் காலையும் பிறகு கூட்டிக்கொள் என்பது அதன் பொருள். ஆனால் முட்டையைத் தாளில் வரைந்துவிடாதீர்கள், அது மனதில் மட்டும் இருக்க வேண்டும். தாளில் முதலில் விழுவது அலகு, அடுத்து கண். மைனாவுக்கு இந்த வரிசை தப்பவே கூடாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விட்டுத்தான் தலையின் கறுப்பைப் போட வேண்டும், கறுப்பு முந்திவிட்டால் கண்ணுக்கு இடமே இருக்காது. பிறகு தலை, முதுகுக்குச் சாய்ந்த இழுப்புகள், இறகில் வெள்ளைப் பட்டைக்கு ஒரு கீற்றுத் தாள் விட்டு, மார்பு நீர்த்த மையில், வால். கால் கடைசி, அதுவும் கிளை போட்டபின். கிளையின் சாய்வைப் பார்த்துத்தானே விரல் பிடிக்க முடியும்?

அடுத்ததாகச் சிட்டுக்குருவி. சீனக் கையேட்டைப் பார்த்து வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வரையப்படும் குருவிக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருக்கும். அது மரச்சிட்டு, சிங்கப்பூரிலும் அதுதான். தமிழ்நாட்டு வீடுகளில் கூடு கட்டும் குருவி வேறு இனம், கன்னம் வெளுத்திருக்கும், பொட்டு கிடையாது. உங்கள் வீட்டு வாசல் குருவியை வரைகிறேன் என்று சொல்லிப் பொட்டு வைத்துவிட்டால் பறவை பார்ப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இப்படி இனம் பார்த்து வரையச் சொல்வது சீன மரபுக்கு அந்நியமில்லை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஹுவாங் ச்சுவான் வரைந்த ஒரு பட்டுச்சுருள் இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டு. பின்னணி எதுவும் இல்லை. குருவி, வாலாட்டி, வெட்டுக்கிளி, குளவி, ஆமை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, உயிரோடு நடந்து வந்து நின்றதுபோல. ஓரத்தில், மகன் ஜூபாவோ பழகுவதற்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. அப்பா மகனுக்குப் போட்டுக்கொடுத்த பயிற்சித் தாள்!

சோங் பேரரசர் ஹுயிஸொங்கைப் பற்றி ஒரு பழைய கதையும் உண்டு. அவரே தேர்ந்த பறவை ஓவியர். மேட்டில் ஏறும் மயிலை அரண்மனை ஓவியர்கள் வரைந்து காட்டினார்களாம். எல்லாம் தப்பு என்றாராம். யாருக்கும் விளங்கவில்லை. மயில் ஏறும்போது முதலில் இடக்காலைத்தான் தூக்கும், நீங்கள் வலக்காலைத் தூக்கவைத்திருக்கிறீர்கள் என்றாராம். மயில் உண்மையிலேயே அப்படித்தான் ஏறுகிறதா என்று எந்த விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனாலும் நான் நின்று பார்ப்பதுண்டு, பெரும்பாலும் அது ஏறுவதே இல்லை.

இவ்வளவு கறாரான மரபில்தான் பைன் மரத்தில் கொக்கு நிற்கும் படமும் காலங்காலமாக வருகிறது. உச்சந்தலையில் சிவப்புள்ள அந்தப் பெருங்கொக்கு சதுப்பு நிலத்துப் பறவை. பின்விரல் சிறிதாக, உயரத்தில் இருப்பதால் கிளையைப் பற்ற முடியாது. நாம் வயலில் பார்க்கும் வெள்ளைக்கொக்கு வேறு குடும்பம், அது தாராளமாக மரத்தில் உட்காரும். பைனும் கொக்கும் நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்பதால் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பெரியவர்களின் பிறந்தநாளுக்குக் கேட்டால் வரைந்து கொடுங்கள், தவறில்லை. பழகுவதற்கு மட்டும் அதை எடுக்காதீர்கள், விரல் கிளையைப் பிடிக்கும் விதத்தைத் தப்பாகக் கற்றுக்கொள்வீர்கள்.

எங்கள் ஊர் உதாரணமும் ஒன்று. சிங்கப்பூரின் 50 வெள்ளி (டாலர்) நோட்டைத் திருப்பினால் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன்கள், அதாவது நீண்ட கையுள்ள வாலில்லாக் குரங்குகள், இருக்கும். வரைந்தவர் சென் வென் சி (1906–1991), சீனாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். அந்த விலங்கைக் கவனிப்பதற்காகவே வீட்டில் கிப்பன் வளர்த்தார். அவருடைய நாரைகளையும் கொக்குகளையும் தேடிப் பாருங்கள், கால்கள் கோடுகளாகவே மாறிப்போயிருக்கும். அந்த அளவுக்குச் சுருக்க, முதலில் அவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. கிளைக்கு விறைப்பான தூரிகை ஒன்று. ஓநாய் முடி என்று விற்பார்கள், உண்மையில் அது வீசல் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் முடி. இலைக்கும் பறவை உடம்புக்கும் நீர் பிடிக்கும் மெத்தென்ற ஆட்டுமுடித் தூரிகை ஒன்று. தாளுக்கு அடியில் போடக் கம்பளித் துணி. தொடக்கத்தில் சுவான் தாளை வீணாக்காமல், மஞ்சளாக இருக்கும் மூங்கில் நார்த் தாளில் பழகலாம். வண்ணத்தில் காவி, இண்டிகோ, மஞ்சள், கருஞ்சிவப்பு போதும். இண்டிகோவும் மஞ்சளும் சேர்ந்தால் இலைப்பச்சை வந்துவிடும். சிங்கப்பூர்ப் பக்கம் வந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் எல்லாம் கிடைக்கும்.

மைக்கு, புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்த மைக்கட்டியைக் கல்லில் உரைப்பதுதான் மரபு. பழகும்போது பாட்டில் மையே போதும், பெய்ஜிங்கின் யிதேகே கடை 1865 முதல் இதே தொழிலில் இருக்கிறது. ஆனால் காய்ந்த ஓவியம் சுருங்கிப்போய்த்தான் இருக்கும். பின்னால் ஸ்டார்ச் பசை தடவி இன்னொரு தாள் ஒட்டி நிமிர்த்த வேண்டும், அப்போது முழுத் தாளும் நனையும். மலிவான பாட்டில் மை சில அந்த நேரத்தில் கலைந்து ஓடிவிடும். ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, நன்றாகக் காயவிட்டு, நனைத்துப் பார்த்தபின் அந்தப் பாட்டிலை நம்புங்கள்.