பொது நீச்சல் குளத்தின் நுழைவுக் கட்டணம் பராமரிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்ட வேண்டுமா?

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வைக்கலாம், மொத்தச் செலவும் அந்தத் தொகையிலேயே வந்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் புதிதாகக் குளம் திறக்கவிருக்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பில் இருப்பவர் என்றும், அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டிய நெருக்கடியில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடையை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதால்தான் இந்தப் பதில்.

எங்கள் ஊர்க் குளம் 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்டது. கணக்குப் போட்டால் சுமார் 4,37,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் 36 நடைக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியின் வழியாகச் சுற்றி வர வேண்டும். 10 எச்.பி. மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் சுமார் 75 யூனிட் மின்சாரம் ஆகும். குளோரின், பி.எச். அளவை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சரிப்படுத்தும் மருந்துகள், உயிர்காப்பாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சீட்டு கொடுப்பவர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எங்களுக்கு அப்போது நாளொன்றுக்கு 12,000 ரூபாய் வரை ஆனது. குளத்தில் பத்துப் பேர் இறங்கினாலும் எண்பது பேர் இறங்கினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய அதேதான். கூட்டம் கூடினால் குளோரின் சற்று அதிகமாகப் போகும், அவ்வளவே.

கட்டணம் 30 ரூபாய், வருகை நாளுக்குச் சுமார் 200 பேர், வரவு 6,000 ரூபாய். செலவில் சரிபாதிதான் வருகிறது என்று தணிக்கையில் தடை எழுப்பினார்கள். மன்றப் பொருளை, அதாவது மன்றக் கூட்டத்தின் முடிவுக்கு வைக்கும் குறிப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 12,000 ரூபாயை 200 பேரால் வகுத்தேன், 60 ரூபாய் வந்தது. அதையே எழுதினேன், விவாதமே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. இரண்டே மாதத்தில் வருகை 90 பேராகக் குறைந்தது. அப்படியானால் வரவு 5,400 ரூபாய், முன்பு வந்ததைவிடக் குறைவு. மின்கட்டணமோ அசையவில்லை. மறுபடியும் குறிப்புக் கேட்டார்கள். அதே வகுத்தலைச் செய்தால் தலைக்கு 133 ரூபாய் வந்தது. அந்தத் தொகையை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை, சீட்டுச் சாளரத்தின் அருகில் போய் நின்றேன். மூன்று சிறுவர்கள், அண்ணன் தம்பிகள், மஞ்சள் பையில் துண்டும் ட்ரவுசருமாக வந்தார்கள். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். “முப்பதுன்னுதான் அம்மா தொண்ணூறு குடுத்தாங்க, அண்ணே” என்று சீட்டு கொடுப்பவரிடம் சொன்னான். அந்தப் பணத்துக்கு ஒரு சீட்டுதான் கிடைக்கும். கடைசித் தம்பியை உள்ளே அனுப்பிவிட்டு, மற்ற இருவரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். கையை எப்படி வீச வேண்டும், எப்போது மூச்சு வாங்க வேண்டும் என்று மூத்தவன் ஒரு மணி நேரமும் வேலியைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தான்.

எல்லாவற்றையும் இலவசமாக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் சிறுவர்களுக்கும் 60 வயது கடந்தோருக்கும் பொதுக் குளங்களில் இலவசமாக நீந்த வழி செய்தார்கள். மத்திய அரசின் நிதியை நம்பி நடந்த திட்டம் அது. ஆட்சி மாறியதும் 2010 ஜூலையோடு நிதி நின்றுவிட்டது. எனவே சலுகைக்கான பணம் உங்கள் சொந்த வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீந்தாதவரின் வரிப்பணத்தை நீந்துபவருக்குக் கொடுப்பதா என்று கேட்பார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகத்தின் வாசலை மிதிக்காதவர் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிப் போகும் சிறுவன் வெயில் காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான், கண்மாய்க்கோ கல்குவாரிக் குட்டைக்கோதான் போவான். அங்கே உயிர்காப்பாளர் கிடையாது.

ஆகவே நகராட்சி ஆண்டுக்கு எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் மன்றத்தில் முடிவு செய்யுங்கள். மீதியை மட்டும் கட்டணத்தில் தேடுங்கள், அதையும் நேரத்தை வைத்துப் பிரியுங்கள். காலை ஆறு முதல் எட்டு வரை வேலைக்குப் போகும் பெரியவர்கள் வருவார்கள். அவர்களுக்கு நேரம்தான் அருமை, 60 ரூபாய் பெரிதில்லை. மாதச் சீட்டு கொடுத்தால் முன்பணமாகவே வந்துவிடும். பிற்பகலில் குளம் காலியாகக் கிடக்கும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை 10 ரூபாய்க்கு விட்டால் அது முழுவதும் கூடுதல் வரவு. பெண்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெண் உயிர்காப்பாளரையும் நியமியுங்கள். எங்கள் ஊரில் அவர் இல்லாத வரைக்கும், கட்டணத்தைக் குறைத்தும் பெண்கள் வரவில்லை.

சீட்டில் அச்சாகாத செலவையும் கணக்கில் எடுங்கள். பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடை கட்டாயம் என்பது நியாயமான விதிதான். ஆனால் அந்த உடையும் தொப்பியும் பல நாள் சீட்டுக் காசை ஒரே நாளில் கேட்கின்றன. குளத்தைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால் உயிர்காப்பாளர் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எங்களிடம் குத்தகை எடுத்தவர் கட்டணத்தைத் தொட முடியாததால் முதலில் குறைத்தது அவர்களைத்தான். இதை எழுத்தில் முறையிட்டும் ஓராண்டு வரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எட்டு மாதம் கழித்து, மேலே சொன்னபடி நேரவாரியாகக் கட்டணத்தைப் பிரித்து நானே புதிய மன்றப் பொருளை எழுதினேன். செலவு முழுவதும் அப்போதும் வரவில்லை. ஆனால் வரவு பழைய 6,000 ரூபாயைத் தாண்டியது, பிற்பகல்களில் குளம் நிறைந்தது. அந்த மூவரும் பிறகு வந்தார்களா என்பது எனக்குத் தெரியாது, சீட்டுப் பதிவேட்டில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. நீங்கள் பெயர் எழுத வேண்டாம், ஆனால் எந்த மணியில் எத்தனை பெரியவர், எத்தனை சிறுவர் என்று முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். அடுத்த தணிக்கையில் தடை எழுப்பினால் எடுத்துக் காட்டுவதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் இருக்கும்.